தம்பி நெயில்

விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இரு என்று சொல்லிவிட்டார் மாமா, இருக்கிறேன், கை கனக்கிறது, கனக்கிறது என்று சொல்லலாம்தான், சொன்னால் காலில் தூங்குகிற தம்பி எழுந்துவிடுவானோ என்று ஒரு சாக்கு, சாக்கு இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், என் வாய் அப்படி, நினைக்கிறதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். நீட்டின காலின் மேல் தம்பி, நான் பெற்ற பிள்ளைதான், தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. எதிரே தரையில் சம்மணம் போட்டு, வரைகிற கம்ப்யூட்டர்ப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மாமா. கட்டிக்கொண்டவரை நான் மாமா என்று கூப்பிடுவது போனில் கேட்டுவிட்டால் போதும், அவருடைய கூட்டாளி ஜெரால்டு அண்ணன் சிரிப்பார், அவர் தூத்துக்குடிக்காரர், "ஏல பூபதி, அது உனக்குப் பொண்டாட்டியா மருமகளா" என்பார், நான் அடுப்படிக்கு ஓடிவிடுவேன். ஜன்னல் வெயில் என் கன்னத்தில் விழுகிறது, இந்த வெயில் போவதற்குள் வரைந்தாக வேண்டும், சாயங்காலத்துக்குள் படத்தைக் கடைக்கு ஏற்றியாக வேண்டும், இன்றைக்கு விட்டால் அந்தக் கடையில் நடக்கிற திருவிழாவில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இடம் கிடையாதாம். கடைக்குத் திருவிழாவா என்று கேட்க வந்தது, அதுவும் தொண்டையோடு போச்சு. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கடை, சுவர் இல்லை, ஷட்டர் இல்லை, ஆனால் எனக்குக் கடை என்றால் எங்கள் தெரு மளிகைக் கடைதான் வருகிறது, ஷாம்பு பாக்கெட்டுச் சரம் தொங்குகிற கம்பியில் என் முகமும் கிளிப் போட்டுத் தொங்குகிற மாதிரி, பால் வாங்க வருகிறவர்கள் எல்லாம், அட இது பூபதி சம்சாரமல்ல என்று கேட்கிற மாதிரி. வாணி, அசையாதே, என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

விளையாட்டுக்குப் பெயர் உஷ். ஒரு வீடு, ஒரு அம்மா, தூங்குகிற ஒரு குழந்தை, அவ்வளவுதான். குழந்தை எழுவதற்குள் அம்மா பாத்திரம் கழுவ வேண்டும், துணி காயப்போட வேண்டும், ஒரு வாய் சோறு தின்ன வேண்டும், நடுவில் காக்கா கத்தும், கேஸ்காரன் சிலிண்டரைக் கம்பியால் தட்டிக்கொண்டு போவான், எவர்சில்வர் டம்ளர் உருளும். சத்தம் மிஞ்சினால் குழந்தை முழித்துக்கொள்ளும், ஆட்டம் போச்சு, முதலிலிருந்து தாலாட்ட வேண்டும். ஒருநாள் மத்தியானம் விசில் அடித்துவிடக் கூடாதே என்று நான் குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேனாம், அதைப் பார்த்துத்தான் இது தலைக்குள் வந்தது என்று மாமா சொன்னார். அன்றைக்கு எனக்கு என்னவோ போல் இருந்தது, நான் நின்றதை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. ஆபீஸ் போய்விட்டு வந்து மாமா உட்கார்ந்து உட்கார்ந்து வேலை பார்த்ததில், தம்பி தவழ ஆரம்பிக்கும்போது விளையாட்டும் நகர ஆரம்பித்தது. ஆட்டத்துக்குள் இருக்கிற அம்மாவுக்கு நைட்டி, தோளில் துண்டு, கொண்டை, முகம் கிடையாது. முகம் இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அது நான்தான், ஆனால் யாரும் அது நான் என்று சொல்ல முடியாது. இப்போது பார், கடையில் மேலே போடுகிற படத்துக்கு முகம் வேண்டுமாம். முதலில் மாமா வீடு முழுக்க வரைந்தார், குக்கர், காக்கா, சிலிண்டர், ஃபேன், நான், எல்லாம் அத்தனை அழகு, ஒவ்வொரு கரண்டியையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதைச் சின்னதாக்கிக் காட்டினதும் கீழே சிந்தின மிக்சரில் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சேலைத் தொட்டில் மட்டும் வரைந்தார், உத்தரத்தில் தொங்குகிற சேலை, உள்ளே ஒரு உருண்டை, அதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் யாரோ, வௌவால் நன்றாக இருக்கிறது, பேய் விளையாட்டா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ரசம் வேண்டுமா என்று நான் கேட்டதுகூடக் காதில் விழவில்லை, அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, தேர்வில் தோற்ற பையன் வீட்டு வாசலில் நிற்கிற முகம்.

அதனால்தான் இன்று காலையில் சரி என்றேன். சரி என்றுகூடச் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன், எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, நான் ஆட்டுவது ஆமா மாதிரியும் இருக்கும் இல்லை மாதிரியும் இருக்கும். ஜெரால்டு அண்ணன் சொன்ன யோசனை, ஒரு அம்மா, உதட்டில் விரல், உஷ். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், நான் தம்பிக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். "படத்துல ஒரே ஒரு சாமான் போதும் மக்கா. ஆயிரம் படத்துக்கு நடுவுல ஒன்னு, கண்ணு அதுமேல விழணும், அவ்வளவுதான். மொகம் போடு. மொகம் இல்லாத படத்தை எவன்ல தொடுவான், பெருவிரல வச்சு தள்ளிட்டுப் போயிட்டே இருப்பான்." பெருவிரலை வைத்துத் தள்ளிவிட்டுப் போவான். கூழ்க் கிண்ணத்தை வைத்துவிட்டேன். பெண் பார்க்க என்று எடுத்தார்களே என் போட்டோ, அதையும் அப்படித்தான் தள்ளினார்கள். ஸ்டுடியோக்காரர், "வாயை மூடிக்க பாப்பா, பல்லு தெரியுது, இன்னும் நல்லா மூடு" என்று சொல்லிச் சொல்லி எடுத்தது, உதட்டைப் பிடித்து இழுத்து மூடினதில் எதையோ விழுங்கப் போகிறவள் மாதிரி இருப்பேன். தரகர் வீடு வீடாகக் கொண்டுபோவார், அவர்கள் பார்ப்பார்கள், கண் இமைக்கிற நேரம், அடியில் வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். ஏழாவதோடு நின்று பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போன பெண், சரி, பரவாயில்லை, ஆனால் அந்தத் தெத்துப்பல். எனக்குச் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும், கம்பெனியில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள், வாணி சிரிப்பு கைக்குள்ளேயே இருக்கு, வெளியே விடு புள்ளே என்று. மாமா வீட்டில் இருந்து வந்தபோது அந்தப் போட்டோவை யாரும் பார்க்கவே இல்லை, சொந்தம், நேரே வந்துவிட்டார்கள், நான் காபி கொடுக்கும்போது அவர் டம்ளரைத் தவறவிட்டு வேட்டியெல்லாம் காபி, நான் சிரித்துவிட்டேன், இரண்டு கையிலும் தட்டு, மூட முடியவில்லை. பார்த்திருப்பார். பார்க்காமல் எப்படி. அதற்கப்புறம் அந்தப் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, தம்பி பிறந்து இத்தனை நாள் ஆகியும் இல்லை, ஒரு பேச்சு இல்லாமலே இருந்தால் அதற்கு என்ன அர்த்தம். இப்போது விரலைச் சரியாக அந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் என் கையைப் பிடித்து அவரே வைத்தார், கொஞ்சம் இந்தப் பக்கம் அம்மிணி, இன்னும் கொஞ்சம், ம், அங்கதான். அங்கதான் பல் இருக்கிறது. உஷ் என்பதற்கு விரலா, பல்லை மறைக்க விரலா. இல்லை, யோசனை ஜெரால்டு அண்ணனுடையது, அவர் என்னைப் பார்த்ததே இல்லை. ஆனால் இவர் சொல்லியிருக்கலாமே, அவளுக்குப் பல் கொஞ்சம் அப்படி, என்று சொல்லியிருந்தால். வேறு என்னென்னவோ சொல்லியிருக்கிறாரே.

வேறு என்னென்னவோ என்றால், நகம். அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது. அதே போனில்தான், ஜெரால்டு அண்ணன், "எல்லாம் சொல்லிட்டேன், கடைசியா ஒன்னு, தம்பி நெயில்தான் மக்கா எல்லாமே. அத கவனிக்காம விட்டுட்டு அப்புறம் அழுவாத. அது சரியில்லன்னா மத்தது எவ்வளவு செஞ்சும் வீண். இன்னைக்கே ஒழுங்கா வெட்டிரு" என்றார், இவரும், "ஆமாண்டா, பாக்கறதுக்கே அசிங்கமா இருக்குது, இன்னைக்கே வெட்டிடறேன்" என்றார். பாக்கறதுக்கே அசிங்கமா. தம்பி நகத்தை நான் வெட்டாமல் விட்டது தூத்துக்குடி வரைக்கும் தெரிந்துவிட்டது. முந்தாநாள் தம்பி என் மூக்கோரம் கீறிவிட்டான், சின்னக் கோடு, பவுடர் போட்டு மறைத்தேன், இவர் பார்த்திருக்கிறார், என்னிடம் கேட்காமல் கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன கடித்தா விடுவேன். முழித்திருக்கும்போது எப்படி வெட்டுவது, கையை உதறிக்கொண்டு மீன் மாதிரி துள்ளுவான், நகவெட்டியை எடுத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, போன தடவை ஓரத்துச் சதை மாட்டி ஒரு பொட்டு ரத்தம், அவன் அழுததைவிட நான் அழுதேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வெட்டக் கூடாது. இன்றைக்கே. இவர் வெட்டுகிறேன் என்றாரே, அந்தப் பெரிய கையை வைத்துக்கொண்டு இவர் எங்கே வெட்டுவது.

வெயில் கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. பேனா பலகையில் உரசுகிற சத்தம், எலி அரிசியைக் கொறிப்பது போல். மாமா என்னைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார், மறுபடி என்னை. இவ்வளவு நேரம் அவர் என்னைச் சேர்ந்தாற்போல் பார்த்ததே இல்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்க்கிறேன், அதில் ஒரு முருகர், அவரும் என்னைப் பார்க்கிறார். தூங்குகிற குழந்தையைப் படம் எடுக்காதே என்பாள் என் அம்மா, ஆயுசு குறையும், கண் விழும். எடுக்கவில்லை, வரைகிறார், வரைவது பரவாயில்லையா, யாரைக் கேட்பது. ஆயிரம் பேர், லட்சம் பேர் என்கிறார்களே, அத்தனை கண்ணும் தம்பி மேல் விழுமா, சாப்பிட்டுக்கொண்டே ஒருத்தன், பஸ்ஸில் நின்றுகொண்டே ஒருத்தன், எந்த ஊரிலோ குளிரில் போர்வைக்குள் இருந்துகொண்டு ஒருத்தி, எல்லாரும் என் பிள்ளை தூங்குவதைப் பார்ப்பார்கள். மிளகாய் சுற்றிப் போடலாம், ஆனால் இத்தனை கண்ணுக்கு எத்தனை மிளகாய். கேட்டுவிடு வாணி. கேட்டால் என்ன ஆகிவிடும். விரலை எடுக்காமலே, உதட்டுக்குள்ளேயே, "ஏனுங்க மாமா" என்றேன்.

"ம்?"

"படத்துல இருக்கற தம்பிக்குக் கன்னத்துல மைப்பொட்டு வெய்ங்க."

அவர் பலகையைப் பார்த்தார். "சின்னதாக்கினா அது தெரியாது அம்மிணி."

"தெரியாட்டியும் வெய்ங்க."

அவர் பேனாவை ஒரே ஒரு தடவை, மெதுவாக, அழுத்தி வைத்தார். வைத்துவிட்டார் என்று தெரிந்தது, நான் தம்பிக்கு வைக்கும்போது என் விரல் எப்படி அழுத்துமோ அப்படித்தான் அழுத்தினார். அது போதும். ஆனால் பெருமூச்சு விடுகிறார், நெற்றியைத் தேய்க்கிறார், அழிக்கிறார், மறுபடி வரைகிறார், மறுபடி அழிக்கிறார். "விளம்பரத்துல வர்ற நர்சு மாதிரி இருக்குதுடா" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார், ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருப்பார்களே, அமைதி காக்கவும், அந்த நர்சு. நான் சரியாக உட்காரவில்லையோ. நான் உட்கார்ந்ததில்தான் கோளாறு, வேறு யாராவது, வாய் நன்றாக இருக்கிற ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இதற்குள் முடிந்திருக்கும். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், சரி, கையைக் கீழே போட்டேன், ரத்தம் ஓடி ஊசி ஊசியாகக் குத்துகிறது. தம்பியின் கை என் புடவை மேல் விரிந்து கிடக்கிறது. தூக்கம் நல்ல தூக்கம், இமை ஆடவில்லை, வாயோரம் பால். நகங்கள் ஒவ்வொன்றும் கண்ணாடிச் சில்லு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு. இப்போது விட்டால் இன்றைக்கு ஆகாது. நகவெட்டி பீரோவில், எழ முடியாது. குனிந்து சுண்டுவிரலை வாய்க்குக் கொண்டுபோனேன். பல்லால் கடிப்பதுதான் எனக்குப் பயமில்லாத வழி, எங்கே நகம் முடிகிறது எங்கே சதை தொடங்குகிறது என்று உதட்டுக்குத் தெரியும், இரும்புக்கு என்ன தெரியும். அந்தப் பல் கொஞ்சம் முன்னால் நிற்பதால் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, நுனியை மட்டும் பிடித்து, இழுக்காமல், ஒரு சின்ன டிக், வந்துவிட்டது. நாக்கு நுனியில் எடுத்துத் தள்ளிவிட்டு அடுத்த விரல். மூச்சு அவன் கையில் பட்டால் கூசும், மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக். பால் வாசம், கூழ் வாசம், நகத்துக்குள் எங்கிருந்து வந்ததோ கொஞ்சம் மண். இந்தக் கை முழுக்க முடித்து அந்தக் கைக்குப் போனேன். வெயில், படம், கடை, ஆயிரம் கண், எல்லாம் எங்கே போச்சு என்று தெரியவில்லை, இந்தச் சின்னச் சின்ன விரல் மட்டும்தான். நிமிர்ந்தபோது மாமா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

கை வாய்க்குப் போகப் பார்த்தது. "மூடாதே" என்றார், குரலே இல்லாமல். சொம்பைத் தரையில் வைத்தார், ஒரு ஒலியும் இல்லை, அப்படியே நின்ற இடத்தில் உட்கார்ந்து பலகையை இழுத்தார். "அப்படியே இரு. என்ன பண்ணிட்டிருந்தியோ அதையே பண்ணு."

பல் தெரியுமே மாமா, என்று தொண்டை வரைக்கும் வந்தது. தெரியட்டும் என்பது போல் அவர் பார்த்துக்கொண்டே வரைகிறார், அழிக்கவில்லை, பெருமூச்சு இல்லை, பேனா ஓடுகிறது, கொறிக்கிற எலி போய் மழை பெய்கிற மாதிரி. நான் ஆள்காட்டி விரலைக் கடித்தேன். காது சுடுகிறது, கழுத்து சுடுகிறது, கண்ணைத் தம்பி கை மேலேயே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார், "இப்ப எதுக்கு நகம் வெட்ட உக்காந்தே?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து உள்ளே கிடந்தது. "நீங்க ரெண்டு பேரும் போன்ல சொன்னீங்கல்ல. தம்பி நெயில் அசிங்கமா இருக்குது, இன்னைக்கே வெட்டணும்னு. எங்கிட்டயே சொல்லியிருக்கலாமுங்க மாமா. நான் வெட்டாம எங்க போறேன்."

பேனா நின்றது. என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தம்பி நகத்தைப் பார்த்தார். தோள் ஒரு தடவை குலுங்கியது, அப்புறம் இன்னொரு தடவை, வாயைக் கையால் பொத்திக்கொண்டார், சிரிப்பு கைக்குள்ளேயே, என்னை மாதிரியே. கண்ணில் தண்ணீர். "தம்பி நெயில் இல்ல அம்மிணி. தம்ப்நெயில். தம்ப்னா கட்டைவிரல். கட்டைவிரல் நகம் அளவுக்குப் படத்தைச் சின்னதாக்கறது, கடையில மொதல்ல அதுதான் தெரியும். அதோட ஓரத்தை வெட்டறதைச் சொன்னான் அவன்." அப்படியானால் தம்பியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் யாரிடம் கோபித்துக்கொண்டிருந்தேன், அந்தக் கோபமெல்லாம் எங்கே போய் விழும். அவர் பக்கத்தில் நகர்ந்து வந்து பலகையைத் திருப்பிக் காட்டினார். பெரிசாக இருந்தபோது நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூச்சம். விரலால் கிள்ளுகிற மாதிரி செய்தார், படம் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்குப் போய், நகம் அளவுக்கு நின்றது. குக்கர் இல்லை, காக்கா இல்லை, வீடே இல்லை. குனிந்த ஒரு முகம், ஒரு சின்னக் கை, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, அந்தப் பல். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். சத்தம் போடாதே என்று யாரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை, பார்த்தால் நாமும் மூச்சைப் பிடிப்போம். மைப்பொட்டு தெரியவில்லை. இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"பல்லு," என்றேன்.

"ஆமா, பல்லு. மறைச்சு மறைச்சு வரைஞ்சேன் பாரு, காலையில இருந்து யாரோ ஒருத்தி மாதிரியே வந்துட்டிருந்தா. அது இல்லாம நீ எப்படி?" அதை என்னவோ மூக்கு இல்லாமல் எப்படி, காது இல்லாமல் எப்படி என்கிற மாதிரி, வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "காபி கொட்டுன அன்னிக்கே பாத்தது. அதைப் பாத்துட்டுத்தான் மறுபடியும் கொட்டுனேன், நீ இன்னொருக்கா சிரிப்பியான்னு. நீ உள்ள போயிட்டே."

இரண்டாவது தடவை கொட்டினது வேண்டுமென்றேதானா. அம்மா இன்றைக்கும் சொல்லுவாள், மாப்பிள்ளைக்குக் கை நடுக்கம் இருக்குமோ என்று. சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி வருகிறது, தொண்டைக்கு வருகிறது, இங்கேதான் எல்லாம் திரும்பிப் போகும், போகவில்லை. மாமா போனை எடுத்துக்கொண்டார், அனுப்புகிற இடத்தில் விரல் நிற்கிறது, அமுத்தவில்லை. "ஊரெல்லாம் பாக்கும் அம்மிணி. காலையில நீ தலையாட்டுனது எனக்குச் சரியா வெளங்கல. வேண்டாம்னா இப்பவே சொல்லு, வௌவாலையே போட்டுக்கலாம். நெசமாத்தான் சொல்றேன்." வௌவால் என்றபோது அந்த ராத்திரிச் சோறு பிசைந்த முகம் ஒரு கணம் வந்துவிட்டுப் போனது. பெருவிரலை வைத்துத் தள்ளிவிட்டுப் போகட்டும், தள்ளுகிறவர்கள் தள்ளட்டும், ஒருத்தராவது நிற்க மாட்டாரா, குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பிடித்த ஒருத்தி எந்த ஊரிலாவது இருக்க மாட்டாளா. மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன்.

"போடுங்க மாமா!"

என் குரலா அது. சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, அதன் பின்னாலேயே சிரிப்பும், கை இரண்டும் தம்பியைப் பிடித்திருக்க, மூட ஒன்றும் இல்லாமல். மாமா முகம் பயந்து என் காலைப் பார்த்தது. தம்பியின் கண் திறந்திருந்தது. ஆட்டம் போச்சு, முதலிலிருந்து தாலாட்ட வேண்டும். அவன் அழவில்லை. என்னையே பார்த்தான், என் வாயையே பார்த்தான், சிரிக்கிற வாய்க்குள் கையை நீட்டி, இன்னும் வெட்டாமல் மிச்சமிருந்த கட்டைவிரல் நகத்தை அந்தப் பல்லின் மேல் வைத்தான்.